அண்ணிக்காகப் படித்த பதினாறு பாடங்கள்

மில்லில் அவளைச் சங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஷிஃப்ட் மாறும்போது ஊதுகிற சங்குக்கும் இவள் குரலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று யாரோ சொல்லப்போய், அதுவே நிலைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக, ஓயாத இரைச்சலுக்கு நடுவே, அறுந்த இழைகளை ஒட்டுகிற வேலை. அங்கே கத்தாமல் பேசினால் காரியம் ஆகாது.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூர் போன மகன் இங்கே விட்டுப்போன கம்ப்யூட்டருக்கு முன்னால் மைக்கும் கையுமாக உட்கார்ந்தாள். எல்லாம் அண்ணிக்காக. அண்ணன் மனைவிக்கு இரண்டே வருஷத்தில் பார்வை அடியோடு போய்விட்டது. அவள் வேலை பார்த்த அலுவலகத்தில், துறைத் தேர்வில் தேறினால் டெலிபோன் பிரிவுக்கு மாற்றுகிறோம், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் இருபத்தைந்தே நாள். புத்தகமோ அச்சில்தான் கிடைத்தது.

"நான் படிச்சுப் பதிஞ்சு தர்றேன் அண்ணி" என்று இவள் முந்திக்கொண்டாள். இவள் விடிகாலை ஷிஃப்டுக்குப் போன நாளெல்லாம், தான் ஆபீஸ் கிளம்புமுன் இவளுடைய இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டிச் சோறூட்டியது அண்ணி. முகம் சுளித்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

முதல் பாடத்தைப் பதிந்து கொண்டுபோய்ப் போட்டுக்காட்டினாள். அண்ணி இரண்டு நிமிஷம் கேட்டாள்.

"ஏம்மா, பாடம் நடத்துறியா, இல்ல என்னைத் திட்டுறியா?"

இவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. உண்மைதான். திரையில் ஒலியளவைக் காட்டும் கோடு சிவப்பிலேயே நின்றிருந்தது. குரல் உடைந்து கரகரவென்று கேட்டது.

மைக்கைத் தள்ளி வைத்தாள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் எதிரொலித்தது. சுவரோரம் கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டாள், எதிரொலி அடங்கியது. மின்விசிறியை நிறுத்தினாள். கம்ப்யூட்டர் பெட்டியின் உறுமல் பதிவில் விழாமலிருக்க, அதை மேஜையிலிருந்து இறக்கி, ஒயர் எட்டும் தூரத்துக்கு நகர்த்தினாள். அத்தனையும் செய்தும், மூன்றாவது வரிக்குள் குரல் தானாக ஏறிவிடும்.

"பக்கத்து வீட்டுக்காரங்களும் பரீட்சை எழுதலாம் போல, பாடம் பூரா மனப்பாடம் ஆயிருக்கும்" என்றார் கணவர்.

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு மெதுவாப் பேசவே வரலைங்க."

ஐந்து நாள் வீணானது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள்.

மறுநாள் மில்லில் இயந்திரங்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து வரிசைக்காரி வந்து, இவள் காதருகே கையைக் குவித்து வாய்வைத்து, "இன்னிக்கு டீ நல்லா இருக்கு, சீக்கிரம் வா" என்றாள். அவசியமில்லாத விஷயங்களை மில்லில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். கத்தினால் மேஸ்திரிக்குக் கேட்டுவிடுமே! அத்தனை இரைச்சலிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

இவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏய், டீ ஆறிடும்டி!" என்று வந்தவள் இவள் தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மைக்கை வாய்க்கு நான்கு விரல் தள்ளி, மூச்சுக்காற்று நேராக மோதாதபடி கொஞ்சம் ஓரமாக வைத்தாள். அது மைக் இல்லை, காது என்று நினைத்துக்கொண்டாள். ரகசியம் சொல்வதுபோல் முதல் வரியைச் சொன்னாள். கோடு பச்சையிலேயே ஆடியது. மூன்றாவது வரி வந்தது, பத்தாவது வரியும் வந்தது. சிவப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மொத்தம் பதினாறு பாடங்கள். தடுமாறினால் ஒரு கணம் நிறுத்தி, அதே வரியை மறுபடி படித்தாள். தப்பான துண்டைப் பிறகு வெட்டி எறிந்தாள். தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் கடைசிப் பாடமும் அண்ணி கைக்குப் போனது.

"பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும்மா" என்றாள் அண்ணி. "ரெண்டு தடவை திரும்பிப் பதில் சொல்லிட்டேன், போ."

அண்ணி தேறினாள். டெலிபோன் பிரிவில் சேர்ந்த அன்று, டீ இடைவேளையில் இவள் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"வணக்கம். எந்தப் பிரிவு வேணும், சொல்லுங்க?"

நிதானமான, அந்த இடத்துக்கே பிறந்தது போன்ற குரல். இவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"ஹலோ, யாருங்க?"

"நான்தான், அண்ணி."

"அடியே, ஆபீஸ் லைன்டி இது! வை போனை" என்ற அண்ணி, தானும் வைக்கவில்லை. "சாயந்திரம் வீட்டுக்கு வா. உன்னை உக்கார வச்சு சோறு போடணும்."