சூடு கூடிப்போன வெள்ளைப் பொடி

இன்று தலவாக்கலை பஸ்ஸில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லய வீட்டுச் செல்வி அக்காவிடம் மாட்டிக்கொண்டேன்.

"என்ன புள்ள, நம்ம பீலிக்கு அந்தப் பவுடர எப்ப கொண்டாற? கோயில் மைக்கிலயே சொல்லிட்டாங்களே!"

மலையில் புல்லுக்கு அடிக்கும் மருந்து மழையோடு இறங்கி, ஊற்றிலிருந்து பீலி வழியே வந்து நாங்கள் குடிக்கும் தண்ணீரில் கலக்கிறது. அதை வெயிலின் உதவியோடு சிதைக்க முடியுமா என்று பார்க்கத்தான் கெம்பஸில் டைட்டானியம் டையொக்சைட் நுண்துகள் செய்கிறேன். அப்பா பெருமை தாங்காமல் திருவிழாவில் அறிவிக்கச் சொல்லிவிட்டார்.

"வீணாப் போச்சுக்கா. உலையில சூடு கூடிப்போச்சு."

பையிலிருந்த போத்தலை எடுத்துக் காட்டினேன்.

"நல்லா வெள்ளையாத்தானே இருக்கு?"

நிறம் மாறாது. உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் மாறும். அளவான சூட்டில் எனக்கு வேண்டிய அனடேஸ் படிகம் கிடைக்கும். சூடு கூடினால் அது மருந்தை அவ்வளவாகச் சிதைக்காத ரூட்டைல் ஆகிவிடும். ஆறவைத்தாலும் பழையபடி திரும்பாது.

"இது பெயிண்டுக்குத்தான் சரிவரும்க்கா. மறுபடி மொதல்ல இருந்து செய்யணும்."

இறங்குமிடம் வர, அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"சரி விடு புள்ள. அதுவரைக்கும் நாங்க சுட வச்சே குடிச்சிக்கிறோம்."

சுட வைத்தாலும் அந்த மருந்து போகாது. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல, வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் மைக்கை எனக்குத் தரச் சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருப்பார். எதிலிருந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்கள்.