எஞ்சின் மூடி மேல் வைத்த கட்டிடம்

இன்று காலை அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில், அட்டையில் செய்த ஒரு கட்டிடத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

“இடிக்காதீங்கண்ணா. பத்து மணிக்கு காலேஜ்ல ஜூரி வந்து பாக்குறாங்க. அஞ்சு வருச ஆர்க்கிடெக்ட் படிப்பு இதுலதான் இருக்கு” என்று கண்டக்டரிடம் கெஞ்சினாள்.

“எஞ்சின் மூடி மேல வை பாப்பா, ஆடாது” என்று சொன்னது நான்தான்.

முருங்கப்பாக்கம் தாண்டியதும் கூரை சரிந்தது. சூட்டில் பசை இளகிவிட்டது.

என் மாமியார் கொடுத்தனுப்பிய வெண்ணெய் இதே மாதிரி மூடி மேல் உருகியது நாற்பது வருடமாக நினைவிருக்கிறது. வாயைத் திறந்தபோது மட்டும் நினைவில்லை.

“போச்சு தாத்தா!” என்று அலறினாள். நான் கட்டிடத்தை மடியில் வாங்கி, கூரையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

முன் சீட்டு மீன்காரம்மா கூடையிலிருந்த ஐஸைக் கவரில் கட்டி, மூலை மூலையாக ஒத்தினார். “கைய எடுக்காத பெருசு. அசைஞ்சீன்னா உன்னத்தான் ஐஸ்ல வெப்பேன்!”

நான் மூச்சுகூட விடவில்லை. பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் பசை இறுகிவிட்டது.

இறங்கும்போதுதான் கேட்டேன். “இது என்ன கட்டிடம்மா?”

“ஆஸ்பத்திரி தாத்தா” என்றவள், அதை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு ஓடினாள்.

ஜூரியில் உட்காருகிறவர்களுக்கு இன்று ஒருநாள் மூக்கடைக்கட்டும் என்று நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.