ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைகள்

பிரான்ஸின் தென்மேற்கில் தொர்தோன் என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் கோட்டை இல்லாத குன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கரையில் ஒரு பிரபு, எதிர்க்கரையில் இன்னொருவர். இருவரின் வம்சமும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. முறைப்பதற்கென்று கட்டிய மாடங்களை இப்போது ஜனங்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். விரும்பிப் போனேன் என்று சொல்ல மாட்டேன்.

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார் கதவுக்கான தகடுகளை அழுத்தியெடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் உள்சுற்றுப் பத்திரிகையைக் கவனிக்கிறேன். அதற்கு முன் ஒரு மாலை நாளிதழில் நிருபர். எப்போதோ படித்த பிரெஞ்சு டிப்ளமோ என் விண்ணப்பத்தின் கடைசி வரியில் சும்மா கிடந்தது. தொர்தோன் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து தகடு அழுத்தும் பழைய பிரஸ் மிஷின் வாங்குவதென்று நிர்வாகம் முடிவெடுத்தபோது யாரோ அந்த வரி வரைக்கும் படித்துத் தொலைத்துவிட்டார்கள். மிஷினை ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு பேர், மொழிபெயர்க்க நான். ஐந்து வாரம்.

ஒருவர் சூப்பர்வைசர். திருநெல்வேலிக்காரர், நாற்பது தாண்டியவர், பெர்மனென்ட். மற்றவர் டெக்னீஷியன். வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம், முப்பதுக்குள் வயது, பல வருடமாகக் கான்ட்ராக்ட். மிஷின் ஒரகடத்தில் வந்து இறங்கும்போது அதைத் தனியாக ஓட்டத் தெரிந்திருந்தால் பெர்மனென்ட், இல்லாவிட்டால் பழைய லைன் என்று மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார். தெரியுமா தெரியாதா என்று சொல்ல வேண்டியவர், அங்கே பயிற்சி கொடுத்த பிரெஞ்சுப் பொறியாளர். ஒல்லியான மனிதர், ஓய்வுக்கு நெருங்கிய வயது, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய ஸ்பேனர்.

முதல் வெள்ளிக்கிழமை மாலை அவர் எங்களிடம் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கோட்டைக்கு அழைத்துப் போவதாகவும், விருப்பம் இருந்தால் வரலாம் என்றும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"விருப்பம் இருந்தான்னு சொன்னாரா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"ஆமாம்."

"அப்பம் கட்டாயம் போணும்."

ஒரகடத்தில் பத்து வருடம் குப்பை கொட்டியவரின் வாக்கு அது. எங்கள் ஊர் தொழிற்சாலைகளில் விருப்பத்தின் பேரில் நடக்கும் பாதுகாப்பு ஊர்வலத்துக்கு வாசலில் ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வந்தவர்கள் படத்தில் இருப்பார்கள். வராதவர்கள் மனத்தில் இருப்பார்கள்.

"சும்மா நடந்துட்டு வந்தா போதாது கேட்டியா," என்று டெக்னீஷியனிடம் சொன்னார். "ஆளுக்கு ரெண்டு கேள்வி கேக்கணும். ஆர்வம் தெரியணும்லா."

"கோட்டைய பத்தி இன்னாணா கேக்கறது?"

"எவ்வளவு உயரம், எப்பம் கட்டுனது, யாரு இடிச்சதுன்னு கேளு. கோட்டைன்னா எவனாவது இடிச்சிருப்பாம்லா."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டை வாசலை அடைந்தபோது அது சாப்பாட்டு நேரத்துக்காக மூடியிருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் முற்றுகைகளைத் தாங்கிய கதவு. மதியச் சாப்பாட்டுக்குத் திறக்க மறுப்பதில் அதற்கு இன்னும் பழைய உறுதி இருந்தது. இரண்டு மணிக்கு உள்ளே போனோம். டெக்னீஷியன் ஒப்புக்கொண்டபடி கேட்டார்: இவ்வளவு உயரத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? சுவரில் ஓட்டை எதற்கு? பொறியாளர் ஒரு தூணின் மறைவுக்குப் போய், கையேட்டைப் புரட்டிவிட்டு வந்து பதில் சொன்னார். அவர் புரட்டியதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி மொழிபெயர்த்தேன்.

கேள்விகளால் அவர் மகிழ்ந்துபோனதாக எங்களுக்குத் தோன்றியது. அடுத்த வாரம் குகை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் காளைகளை வரைந்த குகை. ஆனால் பார்க்க வருகிறவர்களின் மூச்சுப் பட்டு ஓவியம் கெடுகிறதென்று அசலைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் அதே மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

"இன்னா சார், டூப்ளிகேட்டுக்கா இம்மாம் பெரிய க்யூ?" என்றார் டெக்னீஷியன். "நம்ம கஸ்டமரு ஒரு டூப்ளிகேட் ஸ்க்ரூவ பாத்துட்டான்னா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிச்சிடுவான்."

"வாய மூடிட்டுக் காளையப் பாரு," என்றார் சூப்பர்வைசர். "பாத்துட்டு ரெண்டு கேளு."

மூன்றாம் வாரம் ஒரு தோட்டம். குன்றின் உச்சியில் புதர்களை உருண்டை உருண்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள். அதைப் பார்க்க ஏறிய ஏற்றத்தில் சூப்பர்வைசரின் முட்டி பிடித்துக்கொண்டது. "இம்புட்டு எடத்துல ஒரு முருங்கை வச்சிருக்கானா பாருங்க," என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு முனகினார்.

வார நாட்களில் பயிற்சி. அங்கே டெக்னீஷியன் வேறு ஆள். பொறியாளர் தகட்டுக்கு வடிவம் தரும் அச்சை மாற்றுவதைக் காட்டுவார். மாற்றியபின் மேல் பாகம் எவ்வளவு இறங்க வேண்டுமென்று உயரம் வைப்பதைக் காட்டுவார். அந்த மிஷினில் அதுதான் கஷ்டமான வேலை. முடித்ததும் புரிந்ததா என்று பார்ப்பார். டெக்னீஷியன் தலையை ஆட்டுவார். ஒரு கேள்வி கிடையாது. லைனில் கேள்வி கேட்டால் வேலை தெரியாதவன் என்று பெயர் வரும், கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்தப் பெயர் வந்தால் அடுத்த நாள் வேறொருவன் வந்து நிற்பான். ஒரகடத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

நான்காவது ஞாயிறு, ஆறு. இருவர் இருவராக ஒரு பிளாஸ்டிக் படகில் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டும். வழியில் தண்ணீரிலிருந்தபடியே ஐந்தாறு கோட்டைகளைப் பார்க்கலாம். படகுக்காரரின் வேன் ஆற்றின் போக்கில் வெகுதூரம் கீழே நம்மை ஏற்றிக்கொள்ளும். அதற்கு முன்னால் இறங்க வழியில்லை.

டெக்னீஷியன் உயிர் காக்கும் மேலாடையைப் போட்டுக்கொண்டு கரையில் அசையாமல் நின்றார்.

"நீச்சல் தெரியும்லா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஏரிய பஸ்ஸுலேர்ந்துதான் பாத்துகீறேன்ணா."

"பெரிய ஆழம் இருக்காது. நான் தாமிரவருணில முங்கி எந்திச்சவன், பயப்படாத ஏறு. இன்னும் ஒரு வாரந்தான். இப்பப் போயி மொகத்தத் திருப்புனா நல்லாவா இருக்கும்?"

டெக்னீஷியன் ஏறினார். முன்னால் அவர், பின்னால் பொறியாளர். இன்னொரு படகில் நானும் சூப்பர்வைசரும். கோடைகாலம், ஆற்றில் தண்ணீர் குறைவு. முதல் வளைவிலேயே அவர்களுடைய படகு கூழாங்கல் திட்டில் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டெக்னீஷியன் துடுப்பை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் படகைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் பக்கத்தில் போனோம். சூப்பர்வைசர் அவர்கள் படகின் விளிம்பை எட்டிப் பிடித்தார்.

"சார், அவராண்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் டெக்னீஷியன், என்னைத் திரும்பிப் பார்க்காமல். திரும்பினால் படகு ஆடும். "அப்டியே சொல்லுங்க. பாலிஷ்லாம் போட வாணாம்."

"சொல்லுங்க."

"எனக்கு பெர்மனென்ட் வோணும். கோட்டைக்கு வரலன்னா மார்க்க கொறச்சிடுவாருன்னுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்துகினு கீறேன். இப்ப தண்ணில எறக்கிட்டாரு. அதுக்கோசரம் ஃபிரான்ஸ்ல வந்து மூழ்கி சாவணுமா? வேலைய பாத்து மார்க் போட சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை தூங்க வுட சொல்லுங்க."

"கெடுத்தியே காரியத்த," என்றார் சூப்பர்வைசர். "சார், கொஞ்சம் மாத்திச் சொல்லுங்க சார்."

பத்திரிகையில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, ஒருவர் சொன்னதை மேற்கோளுக்குள் போட்டால் கை வைக்காதே என்பதுதான். மூழ்கிச் சாவது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

பொறியாளர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த மார்க்?" என்று கேட்டார்.

பிறகு அவர் பேசியது நீளம். விருந்தாளிகளைச் சும்மா உட்கார வைக்காதே என்று ஆலையில் அவரிடம் சொல்லியிருந்தார்கள். முதல் வாரத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். ஆனால் நாங்கள் கேட்ட கேள்விகளைப் பார்த்து, இந்தியர்களுக்கு வரலாறென்றால் உயிர் என்று முடிவுகட்டிவிட்டார். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பிறகு அந்தக் கோட்டைக்குள் அவர் கால் வைத்ததே எங்களால்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் விட ஆளில்லாமல் தக்காளிச் செடிகள் காய்ந்துவிட்டன. மனைவி பேச்சைக் குறைத்துவிட்டார். இந்தப் படகில் உட்கார்ந்ததிலிருந்து முதுகு வேறு வலிக்கிறது.

"இன்னா சார் சொல்றாரு?"

சொன்னேன்.

"அப்ப நாலு வாரமா அவரு எங்கள வதச்சிகினு, நாங்க அவர வதச்சிகினு இருந்தோமா?"

பொறியாளர் இன்னும் முடிக்கவில்லை. "இவர் கோட்டையில் அவ்வளவு கேட்கிறார். மிஷின் பக்கத்தில் ஒன்றுமே கேட்பதில்லை. அந்த மிஷினைப் பற்றி எதுவும் கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை. இவரிடம் தனியாகக் கொடுக்கலாமென்று நான் எப்படிச் சொல்வது?"

இதை மொழிபெயர்த்தபோது டெக்னீஷியன் படகை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடி பிடித்துக்கொண்டார்.

உண்மை பேசி முடித்தாகிவிட்டது. வேன் மட்டும் பல மைல் கீழே நின்றது. சூப்பர்வைசர் படகைத் தள்ளிவிட்டார். எஞ்சிய கோட்டைகளை நால்வரும் பார்த்தோம், வேறு வழியில்லாமல். யாரும் எதையும் கேட்கவில்லை. பொறியாளரும் எதையும் கை நீட்டிக் காட்டவில்லை. அன்றைக்குத்தான் அந்த ஆறு எனக்கு அழகாக இருந்ததாக நினைவு.

திங்கட்கிழமை காலை டெக்னீஷியன் நேராக மிஷினிடம் போனார். "உயரம் வைக்கிறது எனக்குப் புரியல. மறுபடி காட்ட சொல்லுங்க சார்."

"நாலு வாரமா மண்டைய ஆட்டிட்டு இப்பம் புரியலங்கியே," என்றார் சூப்பர்வைசர். "மானம் போகுதுடே."

"கோட்டதான்ணா புரிஞ்சிது. மிஷினு புரியல."

பொறியாளர் காட்டினார். டெக்னீஷியன் கேட்டார். மறுபடி காட்டினார். மதியத்துக்குள் இருவருக்கும் நடுவில் நான் தேவைப்படாமல் போனேன். விரலும் ஸ்பேனரும் போதுமாக இருந்தன. நடுவில் ஒரு தடவை தவறாக வைத்து ஒரு தகடு கிழிந்தது. பொறியாளர் கிழிந்த தகட்டை எடுத்து, எங்கே கிழிந்ததோ அந்த இடத்தைக் காட்டி, ஏன் என்று முகத்தாலேயே கேட்டார். டெக்னீஷியன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார்: அளவுக்கு மேல் இறங்கிவிட்டது. பொறியாளர் தலையசைத்தார். அந்த வாரக் கடைசியில் அச்சை மாற்றி, உயரம் வைத்து, முதல் தகட்டை டெக்னீஷியன் ஒற்றை ஆளாக எடுத்தார். பொறியாளர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். ஸ்பேனர் பையிலேயே இருந்தது.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தூங்கினோம்.

சில மாதங்களுக்குப் பிறகு மிஷின் கப்பலில் வந்து ஒரகடத்தில் இறங்கியது. டெக்னீஷியன்தான் ஓட்டுகிறார். பெர்மனென்ட் ஆர்டரைக் கொடுத்த அன்று, மனிதவள அதிகாரி சம்பிரதாயத்துக்கு, ஃபிரான்ஸ் எப்படி இருந்தது என்று கேட்டார். நான் பக்கத்தில் பத்திரிகைக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மிஷினு நல்ல மிஷினு சார்," என்றார் அவர். "சுத்தி கொஞ்சம் கோட்டைங்க கீது."