திருநீறு பட்ட சில்லு

தூசியில்லா அறைக்குள் போகுமுன் அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்ப்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சென்னைக்குப் பக்கத்தில் பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் சேர்ந்த புதிது. அக்கா எனக்கு மூத்த ஆய்வாளர். பவுடர், மை, பொட்டு எதுவும் கூடாது. தலையில் பூ என்றால் வாசலோடு சரி. "இது என்ன, கல்யாண வீடா? போய் மூஞ்சிய கழுவிட்டு வா" என்பார். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய, நானோ அளவுப் படலம் பூசும் வேலை; ஒரு துகள் விழுந்தாலும் எல்லாம் பாழ். கெடுபிடிக்காரர்தான், ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

அந்த ஆண்டு அவர் செய்துவந்த உணரிச் சில்லு, அதாவது சென்சார் சிப், ஒரு செயற்கைக்கோளில் போவதாக இருந்தது. போனால், விண்வெளி ஆய்வு மையத்தில் நிரந்தர வேலை. ஒப்பந்தத்திலேயே வருடக்கணக்காக இழுபட்டவருக்கு அதுதான் ஒரே நம்பிக்கை. கடைசிப் பூச்சு நாளன்றே தாம்பரத்தில் அவருடைய அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை. இரண்டு தேதியையும் மாற்ற வழியில்லை. தம்பியை அங்கே விட்டுவிட்டு ஓடிவந்தார். கிளம்பும்போது அம்மா, குன்றத்தூர் முருகன் கோயில் திருநீற்றை மகள் நெற்றியில் பூசி, "இன்னிக்கு மட்டும் அழிச்சிடாத கண்ணு" என்றாராம். அக்காவுக்கு அழிக்க மனம் வரவில்லை. தலையுறை மறைத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார். உள்ளே வியர்த்து நெற்றி அரித்திருக்கிறது. கையுறை விரல் தன்னையறியாமல் தலையுறைக்குள் போய், பிறகு சில்லை எடுக்கும் இடுக்கியைப் பிடித்திருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் படலமெங்கும் புள்ளிகள். இன்னொன்று செய்ய அவகாசமில்லை. வேறோர் ஊர்க் குழுவின் சில்லு போனது.

இப்போது கல்லூரிகளில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். விண்வெளியில், நானோ தொழில்நுட்பத்தில் இனி என்னென்ன வேலைகள் வரும் என்று பிள்ளைகள் ஆசையாகக் கேட்கும்போது எனக்கு அக்காதான் நினைவுக்கு வருகிறார். அந்த மேடையில் நிற்க வேண்டியவர் கீழ்க்கட்டளைப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். ஆய்வுக்குத் திரும்பி வரச் சொல்லிப் பார்த்தேன். "வேணாம்டி, விடு" என்றார்.

அந்த வேலை கைநழுவியதற்காக அவர் அழுது நான் பார்த்ததில்லை. சில்லு பாழான மறுநாள் மருத்துவமனைக்கு நானும் கூடப் போயிருந்தேன். கண் விழித்ததும் அம்மா கேட்டார்: "மேல அனுப்பிட்டாங்களா?"

"அனுப்பிட்டாங்கம்மா."

"நம்ம மொட்டை மாடியில நின்னா தெரியுமா?"

"தெரியும்மா. நீ வீட்டுக்கு வா, நானே காட்டறேன்."

அம்மா வீட்டுக்கு வரவேயில்லை.