குடில் மாட்டின் காது

என் சின்ன வயதில், டிசம்பர் மாதம் எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது, வைக்கோலோடு மாட்டு மூத்திரத்தின் நெடியும் உள்ளே வந்துவிடும். ராயபுரத்தில் வைக்கோலுக்கு வேறெங்கே போவது? துறைமுக வாசலில் மூட்டை ஏற்றக் காத்துக் கிடக்கும் வண்டிக்காரர்களிடம்தான் கேட்டு வாங்கி வருவார்கள். காளைகள் பாதி தின்று, மீதியில் படுத்து எழுந்த வைக்கோல். சாம்பிராணி, புது பெயிண்ட், அந்த நெடி மூன்றும் கலந்த வாசனைதான் எனக்குக் கிறிஸ்துமஸ். போன மாதம் ஆஸ்பத்திரியில் என் மகளின் பள்ளிச் சட்டையைக் கழற்றியபோது, அதில் அதே நெடி அடித்தது.

ஜெனியை மாடு முட்டிவிட்டது. திருவொற்றியூரில் நாங்கள் இப்போது குடியிருக்கும் தெருமுனையில், பள்ளி விட்டு வரும் வழியில். கை எலும்பு முறிந்து, நெற்றியில் தையல் போட்டு, பிழைத்துக்கொண்டாள். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "நந்தி புண்ணியம், கொம்பு கண்ணாண்ட வராம போச்சு" என்றார். முட்டியதும் மாடு, காப்பாற்றியதும் மாடு. இதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த ஜெனி, அவர் போனதும் என்னைக் கேட்டாள்: "மாடு நல்லதா கெட்டதாம்மா?" நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன். கட்டுப் பிரித்து அவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்க நெருங்க, அவள் வயதில் நான் கடந்த ஒரு டிசம்பர்தான் கண்முன் வந்து நின்றது.

அந்த டிசம்பரில் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றில் கட்டி, ஆபரேஷன் என்பதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லவில்லை. கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த என் நைனா, வேலை முடிந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார் என்பதால், மாலைகளில் நான் எதிர்வீட்டு செல்வியோடு இருந்தேன். ஒரு பிரதோஷத்தன்று செல்வியின் அம்மா எங்கள் இருவரையும் திருவொற்றியூர் கோயிலுக்குக் கூட்டிப் போனார். பால் வழியும் கல் நந்தியின் ஒரு காதில் வாயை வைத்து, மறு காதைக் கையால் மூடிக்கொண்டு, பெரியவர்கள் வரிசையாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இன்னாத்துக்கு யக்கா காதப் பொத்துறாங்க?" என்று செல்வியின் அம்மாவைக் கேட்டேன்.

"பொத்தலன்னா இந்தாண்ட வாங்கி அந்தாண்ட வுட்டுடும். மாடாச்சே. நீயும் உங்கம்மாவுக்காகச் சொல்லு."

"நாங்க வேதக்காரங்க யக்கா."

"அது மாட்டுக்கு இன்னாடி தெரியும்?"

எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு யோசனை தோன்றியது: எங்களிடமும் ஒரு மாடு இருக்கிறதே. மறுநாள் கோயிலுக்குப் போய், குடிலைச் சுற்றிக் கட்டியிருந்த சவுக்குக் கழி வேலிமேல் சாய்ந்து, குழந்தை யேசுவின் பின்னால் படுத்திருந்த மாட்டுச் சிலையின் காதில், "அம்மா வூட்டுக்கு வரணும்" என்று சொன்னேன். இன்னொரு காது எட்டவில்லை.

அந்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் பொன் கன்றுக்குட்டியின் கதையைச் சொன்னார். பாலைவனத்தில் சனங்கள் தங்கள் தோடுகளைக் கழற்றி உருக்கி ஒரு கன்றுக்குட்டி செய்து கும்பிட்டார்கள், ஆண்டவர் கோபம் கொண்டார், ஏராளமானோர் மடிந்தார்கள். குளிரில் நடுங்கிய பாலகனுக்கு மாடு மூச்சுவிட்டுச் சூடு கொடுத்தது என்று முந்தின வாரம் சொன்னவரும் இதே சிஸ்டர்தான். எந்த மாடு எது என்று கேட்டிருக்கலாம்; கேட்டால் நான் செய்தது தெரிந்துவிடும், தெரிந்தால் அம்மா செத்துவிடுவார் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.

அன்று சாயங்காலம் நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னா, துன்ன மாட்டேன்ற?" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மாட்டாண்டயா சொன்ன?"

"ஆமா நைனா. அதால அம்மாக்கு எதுனா ஆயிடுமா?"

"அது இன்னா சொல்ச்சி?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்போ வுடு. லீவு கேட்டா நம்ம மேஸ்திரி நிக்கிற மாதிரி போலக்கீது" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அவர் சோற்றைத் திரும்பப் பிசைந்தபடி, தலை நிமிராமல் கேட்டார்: "இன்னொரு காத பொத்திகினியா?"

"எட்டல நைனா."

அவர் அதற்கு மேல் சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டு, "வா" என்றார்.

கோயிலில் இரண்டொரு கிழவிகள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நைனா என்னைத் தூக்கி வேலிக்கு உள்ளே விட்டு, தூரத்துக் காதை மூடச் சொன்னார். வழவழவென்று குளிர்ந்திருந்த அந்தக் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். பூசையில்கூட வாய் திறந்து செபிக்காத, டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கத் தயங்கி வெளியிலேயே நிற்கிற மனிதர், குனிந்து, மறு காதில் வெகுநேரம் பேசினார். எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இப்போது நைனாவும் மாட்டிக்கொண்டார், அம்மாவோடு இவரும் போய்விடப் போகிறார் என்று பயந்தேன். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அம்மா பிழைத்து வீடு வந்தார். மாதாவின் கருணை என்றார் சிஸ்டர். நந்தி கொடுத்தது என்றார் செல்வியின் அம்மா. யாருக்கு நன்றி சொல்வது, யார் எங்களை மன்னித்தது என்ற குழப்பம் எனக்கு அப்படியே தங்கிவிட்டது.

வளர்ந்த பிறகு, தெளிவு கிடைக்கும் என்று தேடிப் படித்தேன். எகிப்தில் ஒரு காளையைத் தெய்வமாக வளர்த்து, அது செத்தபோது அரச மரியாதையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள். சிந்துவெளி முத்திரைகளில் திமில் நிமிர்த்திக் காளை நிற்கிறது, எதற்கென்று உறுதியாகச் சொல்வாரில்லை. கன்றுக்குட்டியால் அத்தனை பேர் மடிந்த அதே விவிலியத்தில், எருசலேம் ஆலயத்தின் பெரிய தண்ணீர்த் தொட்டியைப் பன்னிரண்டு வெண்கலக் காளைகள் சுமந்து நிற்கின்றன. கும்பிட்ட ஊர்களிலேயே காளையைப் பலியும் கொடுத்திருக்கிறார்கள். பயந்ததால் கும்பிட்டார்களா, கும்பிட்டதால் பயந்தார்களா என்று எனக்கு விளங்கவில்லை. படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

நைனாவும் அம்மாவும் இன்று இல்லை. மாட்டுவண்டிகள் நின்ற துறைமுக வாசலில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. குடிலுக்கு இப்போது பிளாஸ்டிக் வைக்கோல்தான், அதற்கு எந்த வாசனையும் கிடையாது. மாடுகள் மட்டும் இருக்கின்றன, இழுக்க வண்டியில்லாமல், குப்பைத் தொட்டி ஓரங்களில்.

நேற்று ஜெனியின் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். தெருமுனையில் ஒரு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவளை முட்டியது அதுதானா என்று எனக்கோ அவளுக்கோ தெரியவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு வழியில் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டே அதைக் கடந்தேன். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா, கைய வுடும்மா, வலிக்குது" என்றாள் ஜெனி.

பதறிக் குனிந்து பார்த்தேன். முறிந்த கை அல்ல. நல்ல கை.