எச்சில் படாத நெருப்பு

புக்கிட் செலம்பாவில் எங்கள் அம்மன் கோயிலுக்கு நான் தலைவர். ஓய்வு பெறும்வரை பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். இரண்டில் எது பெரிய கேலிக்கூத்து என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

சாமிச் சோறு விறகில்தான் வேக வேண்டும், கேஸ் தோங், அதாவது சிலிண்டர், ஆகாது என்பது எங்கள் கமிட்டியின் வைராக்கியம். அடுப்படியில் நிற்பது கமிட்டி அல்ல, சமைக்கிற அக்கா. கணவனை இழந்தவர், ஆஸ்துமா. ரப்பர் விறகுப் புகையில் இனி நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பும் இல்லை. அதனால்தான் சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு சாண எரிவாயுத் தொட்டி கட்டவைத்தேன். பசுஞ்சாணம் என்றதும் கமிட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு சம்மதித்தது.

நீல நெருப்பு நன்றாகவே எரிந்தது. சாணம் போதாததால், வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் இலையில் மிஞ்சிய சோற்றையும் கரைத்து ஊற்றும்படி அக்காவிடம் சொல்லியிருந்தேன். பொருளாளர் அதைப் பார்த்துவிட்டார்.

“என்ன தலைவரே, ஊரு எச்சில்ல வர்ற கேஸ்லயா சாமிக்குப் பொங்கல் வைக்கிறது?” என்று கூட்டத்தில் கேட்டார்.

“அம்மன் ஏப்பம் விட்டா நம்ம வீட்டுச் சாம்பார் வாசம் வரும்லா,” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். சாணம் மாட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

மீத்தேனுக்கு எச்சில் கிடையாது என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தலைவர் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எழுந்து, “அறிவியல்படியும் சுத்தமான பொருள்தான் சுத்தமான வாயு தரும்,” என்றேன். கை தட்டினார்கள்.

அன்றிலிருந்து தொட்டிக்கு அபிஷேகப் பாலும் தயிரும் பஞ்சாமிர்தமும், மாலை மாலையாக எலுமிச்சையும். தொட்டியைப் புளிக்கவைத்து, வாயு தரும் நுண்ணுயிர்களைக் கொல்ல இதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது. ஆடித் திருவிழாவுக்கு முன்பே நெருப்பு அணைந்தது. பக்தியில் ஊறிய தொட்டி தெருவரை நாறியது. விறகு திரும்பி வந்தது.

தேர்தலில் ஜெயித்தபிறகு எனக்குத் தைரியம் வந்தது. தொட்டியைக் கொன்றது எச்சில் அல்ல, பாலும் எலுமிச்சையும்தான் என்று கூட்டத்தில் உண்மையைச் சொன்னேன்.

“எங்களுக்கு என்னா தெரியும் தலைவரே? நீங்கதான் கெமிஸ்ட்ரி வாத்தியார்லா. நீங்க சொன்னதத்தான் செஞ்சோம்,” என்று பொருளாளர் சிரித்தார். தொட்டியை மண் போட்டு மூடினார்கள்.

அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இன்ஹேலரை இழுத்துவிட்டு, விறகை அடுப்புக்குள் தள்ளியபடியே சொன்னார்:

“அத விடுங்க சார். ஈரமில்லாத விறகா பாத்துக் குடுங்க. புகை கொஞ்சம் கம்மியா வரும்.”

காய்ந்த விறகுக்கான தீர்மானத்தை நானே கொண்டுவந்தேன். ஏகமனதாக நிறைவேறியது. அக்கா இன்னும் அந்தப் புகையில்தான் நிற்கிறார்.