கிளிப் படம் போட்ட கோப்பை

இன்று கல்லூரி வாசலில் ஒருவர் ஓட்டைக் குடத்துக்கு ஈயம் பற்றவைத்தபோது எழுந்த குங்கிலியப் புகை, தென்னூரில் இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் தகரச் சந்துக்கு என்னை இழுத்துச் சென்றது.

காலி எண்ணெய் டின்களை வெட்டி விளக்கும் முறமும் உழக்கும் செய்த பதினைந்து வீடுகளிலும் விடியலில் தொடங்கும் சுத்தியல் ஓசை, மாலையில் நான் மேடைப் பேச்சு பழகும் நேரத்தில் மட்டும் எனக்காக ஓயும். டின்னில் அச்சிட்ட படம் உட்புறம் மறைய வேண்டும், வெளியே வெறும் பளபளப்புதான் தெரிய வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

என் பள்ளி செய்து தரச் சொன்ன பேச்சுப் போட்டிப் பரிசுக் கோப்பையைச் சந்தே கூடிச் செய்தது.

"நம்ம புள்ளதானே ஜெயிக்கப் போவுது, கைப்பிடிய நல்லா வளைங்கண்ணே," என்றார் பக்கத்து வீட்டு மாமா, அப்பாவிடம்.

கைத்தொழிலா, ஆலைத்தொழிலா என்பது தலைப்பு. ஆலையின் பக்கம் பேசிய நான், மேசைமேல் இருந்த அந்தக் கோப்பையைத் தூக்கி அவையை நோக்கிச் சாய்த்து, உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய் ஆலையின் கிளிப் படத்தைக் காட்டினேன்.

"பாருங்கள், கைத்தொழிலின் வயிற்றுக்குள் ஓர் எண்ணெய் டின்!"

கூரை அதிரச் சிரித்தார்கள். கடைசி வரிசையில் அப்பாவோடு நின்ற சந்துக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பை எனக்கே கிடைத்தது.

மறுநாள் அப்பா அதை வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றும் புனலாக்கியிருந்தார். கிளி வெளிப்புறம் இருந்தது.

"இனிமே சாய்ச்சுக் காட்ட வேணாம் தம்பி. எல்லாம் வெளியவே தெரியுது," என்று சொல்லி, என் படிப்பு விளக்கை நிரப்பினார்.

அன்று மாலை நான் பேச்சு பழக எழுந்து நின்றேன். ஒரு சுத்தியலும் ஓயவில்லை. நான் குரலை உயர்த்தினேன்.